பிரெஞ்சில் 'எனக்கு நாய்னா பயம்' என்று எப்படிச் சொல்வது?

ஆங்கிலப் பழக்கத்தில் 'ஜ ஸ்வி பெர்' என்று வாயில் வரும், அது தப்பு. பயத்துக்கு 'அவுவார்' (உடைமையைச் சொல்லும் 'have') வினைதான்: 'ஜே பெர்'. பின்னால் 'த' சேர்க்க வேண்டும்; பலர் சறுக்குவது இங்கேதான். ஆண்பால் ஒருமையில் அது 'த்யூ' ஆகும்: இருட்டுக்கு 'ஜே பெர் த்யூ நுவார்'. பன்மையில் 'தே': நாய்களுக்கு 'ஜே பெர் தே ஷியேன்'. பெண்பாலில் 'த லா': தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்கு 'த லா ஃபூல்'. வினைச்சொல் வந்தால் வெறும் 'த' போதும்: விழுந்துவிடுவேனோ என்றால் 'த தோம்பே'.

மெரினா கலங்கரை விளக்கத்தின் உச்சியில் தலை சுற்றினால் 'ஜே ல வெர்தீஜ்'. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்கு முன் வரும் உதறலுக்கு 'ஜே ல த்ராக்'. இரண்டிலும் 'பெர்' வேண்டாம்.

ஃபோபியா உள்ளவரைச் சொல்லும்போது 'ஸ்வி' சரி: அடைபட்ட இடம் என்றால் பயப்படுபவர் 'ஜ ஸ்வி க்ளோஸ்ட்ரோஃபோப்' என்பார். லிஃப்டில் மாட்டினால் உதவும்.