நீல மை

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் வீட்டிலிருந்தே இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஒரு ஜவுளிக்கடைக்கு ஐந்து பக்கம், 18,000 ரூபாய் என்று வாட்ஸப்பில் பேசி ஒப்புக்கொண்டேன். ‘அப்படியே இதையும் போட்டுடுங்க’ என்று அவர் கேட்கக் கேட்க, நானும் ‘பரவாயில்லை சார், பண்ணிடலாம்’ என்று எழுதிவிட, இப்போது பதினோரு பக்கம், அறுபது சேலைப் படங்கள் ஆகிவிட்டன. படங்களைச் சுத்தம் செய்து தருவது என் சித்தி மகன். படத்துக்கு இவ்வளவு என்று பேச்சு, இன்னும் கொடுக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர், அதிகமாகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இனிமேல் மணிக்கணக்கில் கூலி பேசுவதா, மொத்தமாகப் பேசுவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள மகளுக்கு,

மணிக்கணக்கா மொத்தமா என்பது பெரிய விஷயமில்லை. எதுவானாலும் ஒரு மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து நாள்கூலி போடாதீர்கள். மாதத்தில் பாதி நாள் வேலை தேடவும், பேசவும், பாக்கி கேட்கவும் போய்விடும். அந்த நாட்களுக்கும் சோறு வேண்டும்.

அந்தச் சித்தி மகனைப் பற்றிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

1983-இல் மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஃபாரத்துக்கு இவ்வளவு என்று ரேட். எழுத்தாளர் மூன்றாம் பக்கத்தின் நடுவே ஒரு வாக்கியம் சேர்த்தால், அந்த வரிகளைப் பிரித்துக் கோத்து, மிஞ்சியதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளி, அங்கே மிஞ்சியதை அதற்கடுத்த பக்கத்துக்குத் தள்ளி, அத்தியாயம் முடியும்வரை போக வேண்டும். எழுதியவருக்கு அரை நிமிடம், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்கு அரை நாள். அதனால் புரூஃபில், அதாவது திருத்துவதற்காக எடுக்கும் அச்சுப் படியில், குறிக்க முதலாளி என்னிடம் இரண்டு பேனா கொடுத்திருந்தார். எங்கள் பிழைக்குச் சிவப்பு. எழுத்தாளர் புதிதாகக் கேட்கும் மாற்றத்துக்கு நீலம். சிவப்பைக் கம்பாசிட்டர் கூலியில்லாமல் திருத்தித் தர வேண்டும். நீலத்தை எண்ணி பில்லில் சேர்ப்போம், அதற்குக் கம்பாசிட்டருக்குத் தனிக் கூலி.

ஒருமுறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் புத்தகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, இந்த ஒரு வரி மட்டும்” என்பார். இவ்வளவு அன்பான மனிதரிடம் காசு பேசுவதா என்று அவருடைய மாற்றங்களையெல்லாம் சிவப்பில் குறித்தேன். நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கம்பாசிட்டர் அண்ணன் அந்தப் புரூஃப் கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “இவ்வளவு தப்பாவா தம்பி நான் கோத்தேன்?” என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் உழைப்புக்கு அவருக்குக் கூலி இல்லை. அடுத்த மாதம் என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு நிறத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்து ஒரு புரூஃபையும் அவர் எடுத்துப் போனதில்லை.

நீங்கள் செய்ததும் அதுதான் அம்மா. கூச்சம் உங்களுக்கு, கூலி இல்லாமல் போனது அந்தப் பையனுக்கு. கடைக்காரர் நல்லவர் என்கிறீர்கள். சரி, நல்லவரென்றால் கேட்டால் கொடுப்பார். நீங்கள் கேட்கவே இல்லையே!

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-ஆவது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்துகொடுத்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க அவர் கடமைப்பட்டவர். ‘இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல்’ என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ‘பரவாயில்லை சார், பண்ணிடலாம்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணம் எனக்கு இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? (அப்புறம், உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். பதிவு செய்த சிறுதொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.)

இன்று அந்த வாட்ஸப் பேச்சை முதலிலிருந்து படியுங்கள். முதல் ஐந்து பக்கத்தில் உங்கள் தவறுகள் இருந்தால் ஒரு தாளில் சிவப்பில் எழுதுங்கள். அவற்றைச் சும்மா சரிசெய்து கொடுங்கள். பிறகு அவர் கேட்ட ஆறு பக்கத்தையும் அறுபது படத்தையும் தேதியோடு, தொகையோடு நீலத்தில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். மன்னிப்பு எதுவும் சேர்க்க வேண்டாம். பன்னிரண்டாவது பக்கம் கேட்டால், தொகையைச் சொல்லி, அவர் ‘சரி’ என்று எழுதிய பிறகு கை வையுங்கள்.

அவர் பதில் வரும்வரை பையனைக் காக்க வைக்காதீர்கள். அவன் பணத்தை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.