எல்லோரும் எழுதும் அந்த நாலு வரி

கேள்வி: வேலையில் பைத்தான் என்ற நிரல் மொழியில்தான் எழுதுகிறேன். நீளமான பட்டியலை நூறு நூறாகப் பிரித்துத் தரும் ஒரு குட்டி ஃபங்ஷனை ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுகிறேன். இதை மொழியோடேயே கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: கொடுத்துவிட்டார்களே! 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல், கூடவே வரும் இட்டர்டூல்ஸ் என்ற மாட்யூலில் (ஃபங்ஷன்களின் தொகுதியில்) ‘பேட்ச்ட்’ என்ற பெயரில் இருக்கிறது, இனி ஒட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1,050 பெயர்களை நூறு நூறாகப் பிரித்தால் கடைசியில் ஐம்பது மிஞ்சும். அதை அப்படியே தருவதா, வெற்றிடம் போட்டு நூறாக்குவதா, கணக்கு சரியில்லை என்று பிழை காட்டுவதா? பேட்ச்ட் அந்த ஐம்பதை அப்படியே தருகிறது. பிழை காட்ட வேண்டும் என்பவர்களுக்காக 3.13-இல் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற தெரிவைச் சேர்த்தார்கள்.

கேள்வி: நாலு வரிதானே, அவரவர் எழுதிக்கொள்ளலாமே? இதையெல்லாம் மொழியோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் போட்டு ஏன் பெரிதாக்க வேண்டும்?

பதில்: அவரவர் எழுதும்போது அவரவர் தப்பும் கூடவே வருகிறது. எனக்கே நடந்தது. ஒரு ஃபோல்டரில் இருந்த கோப்புகளின் பெயரில் முன்னால் நிற்கும் ‘படம்-’ என்பதை எடுக்க, இடது ஓரத்தில் இருப்பதை வெட்டும் பைத்தானின் எல்ஸ்ட்ரிப்பைப் போட்டேன். ‘படம்-கோயில்’ அழகாகக் ‘கோயில்’ ஆனது. ‘படம்-பட்டம்’ காணாமலே போனது! ‘படம்-மட்டை’யில் மிஞ்சியது ஐகாரக் குறி ஒன்றுதான், எழுத்து இல்லாமல் தனியாக.

காரணம் இதுதான்: எல்ஸ்ட்ரிப் ‘படம்-’ என்பதை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை, ப, ட, ம, புள்ளி, சிறுகோடு என்று ஐந்து உதிரிகளாகப் பார்க்கிறது, இந்த ஐந்தில் எது இடது ஓரத்தில் நின்றாலும், வேறொன்று குறுக்கிடும் வரை தின்றுகொண்டே போகிறது. பத்துக் கோப்பில் ஒன்பது சரியாக வருவதால் சோதிக்கும்போது சிக்காது. என்னைப் போல ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், வருடக்கணக்காக இதைப் பிழை என்று புகார் செய்துகொண்டே இருந்தார்கள். அதனால்தான் 2020-இல் டென்னிஸ் ஸ்வீனி PEP 616 எழுத (பைத்தானில் மாற்றம் கேட்கும் முறையான முன்மொழிவுக்கு PEP என்று பெயர்), முன்னொட்டை முழுச் சொல்லாகப் பார்த்து எடுக்கும் ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’, பின்னொட்டை அப்படி எடுக்கும் ‘ரிமூவ்சஃபிக்ஸ்’ இரண்டும் பைத்தான் 3.9-இல் வந்தன. இவற்றின் வேலையை நாலு வரி என்ன, இரண்டு வரியிலேயே எழுதிவிடலாம். ஆனாலும் அவை உள்ளே இருப்பதுதான் சரி என்பேன்.

அதற்காக எல்லாவற்றையும் உள்ளே திணிக்கவும் கூடாது. உள்ளே போனதை வெளியே எடுப்பது பெரும்பாடு. பராமரிக்க ஆளில்லாத 19 பழைய மாட்யூல்களை 3.13-இல்தான் நீக்க முடிந்தது, அதுவும் இரண்டு வெளியீடுகளுக்கு முன்பே எச்சரித்துவிட்டு.

கேள்வி: என்னிடமும் ஒரு யோசனை இருக்கிறது. எப்படிக் கேட்டால் காதில் வாங்குவார்கள்?

பதில்: ‘எனக்கு அடிக்கடி தேவைப்படுகிறது’ என்று தொடங்காதீர்கள், அது எல்லோரும் சொல்வது. அடுத்தவர்கள் எழுதிய நிஜமான நிரல்களைத் தேடி, இந்த வேலையைக் கையால் செய்து எங்கெங்கே தவறியிருக்கிறார்கள் அல்லது சுற்றி வளைத்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள். PEP 616-இல் பைத்தானின் சொந்த நிரலிலிருந்தே வரிகளை எடுத்து, புது முறையில் அவை எப்படி மாறும் என்று பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் ஓரக் கேள்விகள்: முன்னொட்டு இரண்டு தடவை வந்தால் இரண்டையும் எடுப்பதா? ஒரே சமயத்தில் பல முன்னொட்டுகளைக் கொடுக்கலாமா? இரண்டுக்கும் அதில் ‘இல்லை’ என்று காரணத்தோடு பதில் இருக்கிறது. பெயருக்கும் தயாராக இருங்கள், ரிமூவ்பிரிஃபிக்ஸே முதலில் ‘கட்பிரிஃபிக்ஸ்’ ஆகத்தான் இருந்தது. நீங்கள் பைத்தானின் மையக் குழுவில் இல்லையென்றால், PEP எழுதும்போது அந்தக் குழுவின் பக்கமிருந்து உங்களுக்காக நிற்கும் ஒருவரும் தேவை. அதெல்லாம் நடக்கும் வரை, உங்கள் ஃபங்ஷன், தனியாக நிறுவிக்கொள்ளும் ‘மோர்-இட்டர்டூல்ஸ்’ தொகுப்பில் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.