காலையில் நீலப் புகை விடும் பழைய பல்சரை வாங்கலாமா?

28,000 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்க வேண்டாம். என்ஜின் வேலைக்கு ஆகும் தொகையை விலையிலிருந்து கழிக்க உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

2012ஆம் ஆண்டு பல்சர் 150, 62,000 கிலோமீட்டர் ஓடியது, காலையில் நீலப் புகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. முதல் ஓரிரு நிமிடங்களில் நின்றுவிட்டால் வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் சிறு வளையம்) தேய்ந்திருக்கலாம், அது சிறிய செலவு. ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அது கையைக் கடிக்கும்.

முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதிகாலையில் போய், முதலில் சைலன்சர் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பிறகு அதன் வாயின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள்: உலர்ந்த கரி வந்தால் நல்லது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சந்தேகம் உறுதியாகிறது. செயினைப் பின்சக்கரப் பற்சக்கரத்திலிருந்து பின்னோக்கி இழுத்தும் பாருங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின் செட்டையே மாற்ற வேண்டும்.

மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைத்தால் 20 லிட்டர் பெட்ரோல் போதும்; என்ஜின் தேய்ந்து 36 தான் கிடைத்தால் 25 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கூடுகிறது, விலையில் பேரம் பேசி மிச்சப்படுத்துவதை இதுவே விழுங்கிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த வண்டியின் பதிவு 2027இல் 15 ஆண்டை எட்டுவதால், ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் பின் புதுப்பிக்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.