யாழினிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கட்டும்

கடிதம்:

வணக்கம் அக்கா,

ரொம்ப நாளா உங்க சைட் படிக்கிறேன், எழுதுறது இப்பதான். நான் ஒரு ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல் எழுதிட்டு இருக்கேன். ஹீரோயின் பேரு யாழினி. அவளுக்கு பதினாறு வயசு இருக்கும்போது ஒரு ராத்திரி வீட்ல ஏதோ நடக்குது, அக்கா காணாம போயிடறா, இவளுக்கு தலையில அடி, அந்த ராத்திரி மட்டும் சுத்தமா மறந்துடுது. பன்னெண்டு வருஷம் கழிச்சு அந்த வீட்டை விக்கறதுக்காக திரும்பி வரா. அங்க ஆதி, அக்காவோட பழைய ஃப்ரெண்ட். அவன் மேலதான் எல்லாருக்கும் டவுட். அவனோட நண்பன் ஒரு இன்ஸ்பெக்டர் கேஸை திரும்ப நோண்டறாரு. க்ளைமாக்ஸ்ல யாழினி மாடிப்படியில விழுந்து திரும்பவும் தலையில அடிபட்டு எல்லாம் ஞாபகம் வந்துடுது. கொலைகாரன் சித்தப்பா.

என் ஃப்ரெண்ட் ஒருத்தி முழுசா படிச்சுட்டு மூணு குறை சொன்னா. மறதி சினிமாத்தனமா இருக்காம். ஆதி முப்பது எபி (எபிசோட்) வரைக்கும் வில்லன் மாதிரி இருந்துட்டு திடீர்னு நல்லவனாகுறது ஒட்டவே இல்லையாம். லவ் தனியா ஓடுது, சஸ்பென்ஸ் தனியா ஓடுது, ரெண்டு நாவலை சேர்த்து பைண்ட் பண்ண மாதிரி இருக்காம். மூணாவதுதான் ரொம்ப வலிச்சுது அக்கா. வீட்ல வேற இதெல்லாம் டைம்பாஸ்னு சொல்றாங்க. பேர் போடாம பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்:

வணக்கம்மா,

முதல்ல அந்த ஃப்ரெண்டை விட்டுடாதீங்க. "சூப்பர்டி, அடுத்த எபி எப்போ"ன்னு கேக்கறவங்க நிறைய பேர் கிடைப்பாங்க, மூணாவது குறை மாதிரி ஒண்ணை கண்டுபிடிச்சு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள் கிடைக்கறது கஷ்டம். அவங்க சொன்ன மூணும் உண்மையில ஒரே குறைதான், மூணுக்கும் காரணம் அந்த மறதி.

யோசிச்சுப் பாருங்க, யாழினிக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லன்னா ஆதிகிட்ட சொல்றதுக்கு அவகிட்ட என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. அதனாலதான் அவங்க ரெண்டு பேரும் சந்திக்கிற சீன் எல்லாம் மழை, காபி, கண்ணுல விழுந்த தூசின்னு போகுது (அனுப்பின மூணு எபியிலயும் தூசி விழுது, கவனிச்சீங்களா). சஸ்பென்ஸ் அவ மண்டைக்குள்ள பூட்டிக் கிடக்கு, சாவி க்ளைமாக்ஸ் மாடிப்படியில இருக்கு, அதுவரைக்கும் லவ்வுக்கு வேலையே இல்ல, சும்மா உலாத்திட்டு இருக்கு. இப்ப இதையே மாத்திப் போடுங்க. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா பன்னெண்டு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்போ அவன்கூட பேசற ஒவ்வொரு பேச்சும் ஆபத்தாயிடும். பழகப் பழக, சொல்லிடலாமான்னு இருக்கும். சொன்னா என்ன ஆகும்னு பயமாவும் இருக்கும். நம்பி ஒருத்தன்கிட்ட வாயைத் திறக்கறதுதான் லவ், இந்த கதையில அவ உயிருக்கு ஆபத்து வரப்போறதும் அதே இடத்துலதான், அப்புறம் ரெண்டு நாவல் எங்க இருந்து வரும்?

மறதியைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதுல தடுக்கி விழறாங்க. தலையில பலமா அடிபட்டா அதுக்கு கொஞ்சம் முன்னாடியும் பின்னாடியும் நடந்தது மறந்து போறது நிஜம்தான். ஆனா அதுல ஒரு பகுதி திரும்பி வராமலே போயிடும், காரணம் மூளை அதை சரியா பதிவே பண்ணியிருக்காது, பதிவாகாதது எங்கிருந்து வரும். ரெண்டாவது தடவை அடிபட்டா காயம்தான் கூடும், ஞாபகம் வராது. அடியே இல்லாம, பயங்கரமான ஒண்ணைப் பாத்த அதிர்ச்சியில மறந்துட்டான்னு வச்சுக்கலாமான்னா, அதுலயும் ஒரு சிக்கல். 1980ல பிடிஎஸ்டிங்கற பேரை, அதாவது பயங்கரமான அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநலப் பாதிப்பை, அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதிகாரப்பூர்வ பட்டியல்ல சேத்தாங்க, அதுல முக்கியமான அறிகுறியே வேண்டாம் வேண்டாம்னாலும் அந்த ஞாபகம் திரும்பத் திரும்ப வந்து நிக்கறதுதான். நடுவுல ஒரு துண்டு மங்கிப் போகலாம், அது உண்டு. மத்தபடி இவங்கள்ல நிறைய பேருக்கு பிரச்சனை மறக்க முடியாததுதான். ஹிப்னாடிஸம் பண்ணி வரவழைக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, வேண்டாம், அதுல வர்ற ஞாபகம் சரியா இருக்கும்ங்கற கேரண்டி கிடையாது, ஆனா சொல்றவங்களுக்கு "இப்படித்தான் நடந்துச்சு"ங்கற நம்பிக்கை மட்டும் பலமா ஏறிடும்.

இதைவிட உங்க கதைக்கு உதவுற விஷயம் ஒண்ணு இருக்கு. 1995ல எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. 24 பேருக்கு அவங்க சின்ன வயசுல நடந்ததா நாலு சம்பவம் கொடுத்தாங்க, மூணு நிஜம், வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டு வாங்கினது. நாலாவது, அஞ்சு வயசு வாக்குல ஒரு மால்ல தொலைஞ்சு போய் அழுதுட்டு இருந்தப்ப ஒரு பெரியவங்க கண்டுபிடிச்சு வீட்டு ஆளுங்ககிட்ட சேத்தாங்கங்கற கட்டுக்கதை. சுமார் கால்வாசி பேர் அந்த நடக்காத சம்பவமும் முழுசாவோ கொஞ்சமாவோ ஞாபகம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. சின்ன ஆய்வுதான், அதைப் பத்தி சண்டையும் நிறைய உண்டு. ஆனா கதை எழுதறவங்களுக்கு அதுல இருக்கற ஒரு விவரம் தங்கம்: அந்தக் கதைக்கு பலம் கொடுத்தது வீட்டு ஆளு. உங்க சித்தப்பாவை இங்க கொண்டு வாங்க. பன்னெண்டு வருஷமா அந்த மனுஷன் அன்பா, தலையைத் தடவிக்கிட்டே "நீ அன்னைக்கு தூங்கிட்டு இருந்தேம்மா, காய்ச்சல் வேற உனக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. யாழினி தூங்கல, அது அவளுக்குத் தெரியும். ஆனா அத்தனை வருஷம் ஒரே ஆள் ஒரே மாதிரி சொன்னா யாருக்கும் லேசா ஆட்டம் காணும்ல? இப்போ அவளுக்கு ஞாபகமும் இருக்கு, அது மேல சந்தேகமும் இருக்கு. வில்லனும் க்ளைமாக்ஸ்ல கத்தியோட வர்றதுக்கு முன்னாடியே, முதல் எபியிலேர்ந்து வேலை பாத்துட்டு இருக்காரு.

சரி, அவ ஏன் இத்தனை நாள் சொல்லல? பயம்னு மட்டும் எழுதினா பத்தாது. அவளுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கணும். அக்கா அன்னைக்கு வீட்டை விட்டுப் போகத் தயாரா பின்னாடி ரூம்ல ஒளிஞ்சிருந்தா, எங்க இருக்கான்னு சித்தப்பாகிட்ட சொன்னது யாழினிதான், அவர் சொன்னாருன்னு கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டதும் அவதான், ஏதோ ஒரு சின்ன கோவத்துல. பதினாறு வயசுப் பொண்ணு பண்ணக்கூடியது அவ்வளவுதான், பாவம். ஆனா அதை வெளிய சொல்ல முடியுமா? சித்தப்பாவைக் காட்டிக் கொடுத்தா தன்னையும் சேத்து காட்டிக் கொடுக்கணும். வில்லனைத் தேடற கதைன்னு நினைச்சு வந்த வாசகருக்கு, நடுவுல, இவளே தன்னைத்தான் மறைச்சுக்கிட்டு இருக்கான்னு தெரியற இடம் இருக்கே, அங்க கதை வேற லெவலுக்குப் போயிடும்.

ஹீரோயினுக்குத் தெரிஞ்சதை வாசகர்கிட்ட மறைச்சா ஏமாத்து இல்லையான்னு கேப்பீங்க. மறைக்கிற விதத்துல இருக்கு. 1794லயே ஆன் ராட்கிளிஃப்ங்கற ஆங்கில நாவலாசிரியர் இதைப் பண்ணி மாட்டிக்கிட்டாங்க. 'உடால்ஃபோவின் மர்மங்கள்'ல ஹீரோயின் எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பாக்கறா, மயங்கி விழறா, என்ன பாத்தான்னு நமக்கு சொல்லல. மொத்தம் நாலு பாகம், திரை விலகறது ரெண்டாவது பாகத்துல, விஷயம் தெரியறது நாலாவது பாகம் முடியப் போற சமயத்துல, அதுவும் என்னன்னா மெழுகு பொம்மை! அந்தத் திரையை வச்சு ஜேன் ஆஸ்டின் தன்னோட ஒரு நாவல்ல கிண்டலே பண்ணிட்டாங்க. அங்க தப்பு மறைச்சதுல இல்ல, "பாத்தா, சொல்ல மாட்டேன் போ"ன்னு ஆசிரியர் குறுக்க வந்து நின்னதுலதான். மறைக்கிற ஆள் யாழினியா இருக்கணும், நீங்களா இருக்கக் கூடாது. அவ மனசுக்குள்ள கூட அந்த ராத்திரியை நேரா நினைக்காம சுத்தி வளைச்சுப் போறவளா எழுதுங்க, கை கால் மட்டும் காட்டிக் கொடுக்கட்டும்.

ஒரு உதாரணம் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கோங்க. வீடு வாங்க வந்தவங்களுக்கு யாழினி ரூம் ரூமா காட்டிட்டு வரா. பின்னாடி ரூம் வந்ததும் ஹால்லேர்ந்து ஒரு நாற்காலியை இழுத்துட்டு வந்து, கதவை முழுசா திறந்து, அது சாத்திக்காத மாதிரி நாற்காலியை முட்டுக் கொடுத்துட்டுத்தான் உள்ள கால் வைக்கறா. வந்தவங்க காத்துக்குப் போலன்னு நினைச்சுக்கறாங்க. நீங்களும் ஒரு வார்த்தை விளக்கக் கூடாது. அப்போ மாடிப்படியில ஆதி பல்பு மாட்டிட்டு இருக்கான்னு அரை வரியில போட்டுட்டுப் போயிடுங்க. ஏழெட்டு எபி தாண்டி, அவளும் அவனும் அதே ரூமுக்கு ஏதோ பெட்டி எடுக்கப் போறாங்க, அவ நாற்காலியைத் தேடித் திரும்பறதுக்குள்ள அவன் கொண்டு வந்து கதவுல முட்டுக் கொடுத்துட்டு, பேசிட்டிருந்த பேச்சை நிறுத்தாம உள்ள போறான். படிக்கறவங்க பாதிப்பேர் அங்கயே உருகிடுவாங்க, மீதிப்பேருக்கு திக்குன்னு இருக்கும்: இவனுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு ராத்திரி இவன் இங்க இருந்தானா? யாழினிக்கு ரெண்டும் சேர்ந்தே வரணும், அவ கை கதவுலயே இருக்கட்டும். பதில் என்னவோ அவன் படியிலேர்ந்து பாத்ததுதான், அரை வரி சாட்சி இருக்கு, யாரும் உங்களைத் திட்ட முடியாது.

இப்போ ஆதி. அது என்னம்மா, எல்லா நாவல்லயும் ஹீரோ பேரு ஆதியாவே இருக்கு, சரி அது போகட்டும். மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கறது, சுவத்தோட சாத்தி வச்சு மிரட்டறது இதெல்லாம் முழுசா எடுத்துடுங்க. சந்தேகம் வர்றதுக்கு மிரட்டல் தேவையே இல்ல, ஒரே ஒரு பொய் போதும். அன்னைக்கு ராத்திரி ஊர்லயே இல்லன்னு சொல்றான், ஆனா இருந்திருக்கான்னு யாழினிக்குத் தெரியுது. உண்மை என்னன்னா அவ அக்காவுக்காக ராத்திரி பூரா காத்துட்டு இருந்தான், அவ வரல, ஏமாத்திட்டான்னு ரோஷத்துல கிளம்பிப் போயிட்டான், தேடவே இல்ல. தேடியிருந்தா ஒருவேளை உயிரோட கிடைச்சிருப்பா. வெக்கப்பட வேண்டிய விஷயம், ஆனா மன்னிக்க முடியற விஷயம். முப்பது எபி வில்லத்தனம் பண்ணவனை ஒரு எபியில நல்லவனாக்க முடியாது, பொய் சொன்னவன் உண்மையைச் சொல்ற மாதிரி எழுதறது முடியும்.

ஹீரோ எவ்வளவு தப்பு பண்ணியிருக்கலாம்ங்கறதுக்கு 'ரெபெக்கா'வை எடுத்துக்கலாம், டாஃப்னே டு மோரியர் எழுதினது, 1938. (இன்னும் படிக்காதவங்க இந்த பாராவைத் தாண்டிடுங்க.) நாவல்ல புருஷன் முதல் பொண்டாட்டியை சுட்டுக் கொன்னவன். அதை அவனே வாயால சொல்றான், கேட்டுட்டு இருக்கற ரெண்டாவது மனைவிக்கு கொலையைவிட, அவன் அந்த முதல் மனைவியை நேசிக்கவே இல்லங்கறதுதான் பெருசா கேக்குது, அந்த நிமிஷத்துலதான் ரெண்டு பேரும் நிஜமா நெருங்கறாங்க. பயங்கரமான சீன், லவ் சீனும் அதுதான். 1940ல ஹிட்ச்காக் படமா எடுத்தப்ப, கொலை பண்ண புருஷன் தண்டனை இல்லாம தப்பிக்கறதை அன்னைக்கு ஹாலிவுட் தணிக்கை விதிகள் ஒத்துக்கல, அதனால அந்த முதல் மனைவி தடுக்கி விழுந்து செத்ததா மாத்திட்டாங்க. அந்தக் கதையில சொல்றவன் அவன், கேக்கறவ அவ. ரொம்ப காலம் இந்த வகைக் கதை இப்படித்தான் இருந்துச்சு, ரகசியம் அவனோடது, வீடும் அவனோடது, பொண்ணு உள்ள போய் பயப்படணும். 1973ல ஜோயன்னா ரஸ்ங்கற அமெரிக்க எழுத்தாளர் இந்த டைப் நாவல்களைப் பத்தி எழுதின கட்டுரைக்கு வச்ச தலைப்பே 'என்னை யாரோ கொல்லப் பாக்கறாங்க, அது என் புருஷன்தான்னு நினைக்கறேன்'ங்கற மாதிரி இருக்கும், அதுக்கு மேல விளக்கம் வேணுமா! உங்க கதையில வீடு யாழினியோடது, ரகசியமும் அவளோடது. அதனால சொல்ற இடமும் அவளோடதா இருக்கணும், க்ளைமாக்ஸுக்கு ரொம்ப முன்னாடியே, கதையில மூணுல ரெண்டு பங்கு முடியற இடத்துல அவனைக் கூப்பிட்டு உக்கார வச்சு தாழ்ப்பாள் விஷயம் வரைக்கும் சொல்லிடட்டும். அவன் பொய் இன்னும் வெளிய வரல, அதை மறக்காதீங்க. அவ சொல்லி முடிச்சதும் அவன் ஒண்ணுமே பேசாம எழுந்து வெளிய போறான். எங்க போறான், சித்தப்பாகிட்டயா? அங்க எபியை முடிங்க, கமெண்ட்ல உங்களைக் கிழிப்பாங்க.

டைம்பாஸ்னு வீட்ல சொல்றதுக்கு நான் என்ன சொல்ல, டைம்பாஸ்தான், நல்லா பாஸாகட்டுமே. நீங்க உக்காந்து எழுதறப்ப கதவை சாத்திக்கோங்க.

மறந்துட்டேன், அந்த இன்ஸ்பெக்டரைத் தூக்கிடுங்க. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை எல்லாம் அவர் ஃபைல்லேர்ந்து படிச்சுச் சொல்லிட்டா யாழினி எதுக்கு வாயைத் திறக்கணும்? நல்ல கேரக்டரா எழுதியிருக்கீங்கன்னு தெரியுது, அடுத்த நாவலுக்கு வச்சுக்கோங்க.

அன்புடன்,
அக்கா