ரயில் ஓட்டுநராகச் சேர்ந்தால் பின்னாளில் பழைய நீராவி என்ஜின்களைச் சீரமைக்கும் வேலைக்கும் போக முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், கும்பகோணம் பக்கத்துக்காரர் என்று எழுதியிருக்கிறார். முதலில் ஓட்டுநர், அனுபவம் வந்ததும் பழைய என்ஜின்களுக்கு உயிர் கொடுப்பது என்பது அவர் திட்டம். வீட்டில் பொறியியல் கல்லூரிக்குப் பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார்கள் என்பது என் ஊகம். இல்லையென்றால் இப்படி ஒரு கேள்வியை யாரும் இரவு இரண்டு மணிக்குப் போட மாட்டார்கள்.

முடியாது என்பதுதான் சுருக்கமான பதில். ஒன்று முற்றி இன்னொன்றாக ஆகாது. இரண்டும் வேறு வேறு தொழில். இது எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தெரிந்த விதம் அவ்வளவு கௌரவமானது அல்ல.

1979-ல் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குக் குத்தகை நிலம். கிளீனர் என்றால் பஞ்சுக்கழிவை எண்ணெயில் தோய்த்து என்ஜினைத் துடைப்பவன், சாம்பல் தள்ளுபவன். பிறகு இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், யார்டுக்குள் என்ஜினை நகர்த்தும் ஷண்டர், டிரைவர் என்று படி ஏற வேண்டும். நான் ஃபயர்மேனாக இருந்தபோதே டீசல் வந்துவிட்டது. ஆகவே நீராவி என்ஜினில் டிரைவர் இருக்கையில் முறையாக உட்கார்ந்தவன் அல்ல நான். கரி அள்ளிப் போட்டவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாராவது வந்து கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால்.

எங்கள் பக்கம் மீட்டர் கேஜ் என்ற குறுகிய தண்டவாளப் பாதையில் ஓடியவை பெரும்பாலும் ஒய்பி, ஒய்ஜி வகை என்ஜின்கள். ஒய்பி பயணிகள் வண்டிக்கு, ஒய்ஜி சரக்குக்கு. இரண்டிலும் தண்ணீரை நீராவியாக்கும் பாய்லரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. கரியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஃபயர்மேனுக்குக் கவலை தண்ணீர்தான். டெல்டாவில் மேற்கே போகப் போக ஆற்றுத் தண்ணீர், கிழக்கே போகப் போக உப்பு. வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி வரை போகும் கிளைப் பாதையில், உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் பிடிக்கும் தண்ணீரை பாய்லருக்குள் விட்டால் நுரைத்துக்கொண்டு எழும். நுரை நீராவியோடு சிலிண்டருக்குள் போனால் தண்ணீர் பிஸ்டனை முட்டும். உள்ளே படியும் உப்பும் சுண்ணாம்பும் சிறு துவாரங்களை அடைக்கும். அதனால் எங்கே தண்ணீர் பிடிப்பது என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புவோம்.

அந்தப் பாதையில் ஒரு இரவு வண்டியில் நான் லெட் பிளக் உருக்கினேன். பழைய ஆட்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தீ எரியும் அறையின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கித் தகடு காய்ந்தால் அது பழுத்து, இளகி, உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பாய்லர் வெடித்துவிடும். அதைத் தடுக்க அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த திருகாணி ஒன்று வைத்திருப்பார்கள். தகடு அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் ஈயம் உருகும். நீராவி தீயின் மேல் சீறிப் பாய்ந்து எச்சரிக்கும். பாய்லர் தப்பும், ஃபயர்மேன் மாட்டுவான். பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது, நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் கீழ்க் குழாய் உப்பால் அடைபட்டிருந்ததால் கண்ணாடியில் நின்றது பழைய தண்ணீர். வடிகுழாயைத் திறந்து ஊதி, புதிதாக ஏறுகிறதா என்று பார்ப்பது ஃபயர்மேனின் முதல் பாடம். அன்று நான் ஊதிப் பார்க்கவில்லை. வண்டி வயலுக்கு நடுவில் நின்றது. பயணிகள் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார்கள். ஒரு அம்மா போகிற போக்கில் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, சோறு தின்றுதானே வந்தாய்?" என்று கேட்டார். எனக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். என் டிரைவர் நல்ல மனிதர், அவருக்கும் தண்டனை. அதன் பிறகு அவர் என்னோடு டீ குடிக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல வருடம் கழித்து, நான் டீசலில் எக்ஸ்பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு இடத்தில் (இடம் வேண்டாம்) மேடை கட்டி நிறுத்தி வைத்திருந்த ஒய்பி ஒன்றை ஒரு விழாவுக்காக மறுபடி ஓட வைக்கலாம் என்று அதிகாரிகளுக்கு ஆசை வந்தது. நீராவி தெரிந்த ஓட்டுநர் யார் என்று தேடி என்னை அழைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏறினேன். நீராவியைத் திறந்துவிடும் பிடியான ரெகுலேட்டரை அசைத்தேன், தீ அறைக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே கூட்டித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. வெளியே கறுப்புப் பெயின்ட் கண்ணாடிபோல் மின்னியது. "ஒரு வாரத்தில் பற்ற வைக்கலாம் சார்" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

மறுநாள் ஒரு பெரியவரைத் தினக்கூலிக்கு அழைத்து வந்தார்கள். ஓய்வு பெற்ற பாய்லர் மேக்கர். மேஸ்திரி என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். ஒல்லி உடம்பு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சின்னக் கதவு வழியாகத் தீ அறைக்குள் நுழைந்துவிட்டார். கையில் ஒரு சிறு சுத்தியல், ஒரு விளக்கு, காதில் ஒரு சாக்பீஸ். தீ அறை இரட்டைச் சுவர் கொண்டது, நடுவில் தண்ணீர். இரண்டு சுவரையும் பிரியாமல் பிடித்திருப்பவை ஸ்டே என்ற நூற்றுக்கணக்கான திருகு கம்பிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தட்டு தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். நல்ல கம்பி கணீர் என்னும், உள்ளே முறிந்தது தேங்காய் அழுகியதுபோல் பொத்தென்று சொல்லும். வெளியே நின்ற எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. மதியம் வெளியே வந்தபோது உள்ளே முப்பதுக்கு மேல் சாக்பீஸ் பெருக்கல் குறிகள்.

"பற்ற வைக்கலாம் என்றது யார்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "அகஸ்தியம்பள்ளி வண்டியில் பிளக் உருக்கிய பையன் நீங்கள்தானே?" என்று அடுத்த கேள்வி. ரயில்வேயில் ஒருவன் செய்த தவறு அவனுக்கு முந்தைய வண்டியிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

பெயின்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நிறுத்தி வைத்த காலத்தில் யாரோ ஆண்டுக்கு ஒரு முறை பயபக்தியோடு வர்ணம் அடித்திருக்கிறார்கள். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் எண்ணெய் விடும் துளைகள் எல்லாம் வெள்ளிப் பெயின்டால் அடைந்து கிடந்தன. எண்ணெய் போகாத மூட்டு ஒரு மைல் ஓடினாலே வெந்துவிடும். இதைத்தான் சீரமைப்பு என்கிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். ஆர்வத்தோடு செய்பவர்களைப் புண்படுத்துகிறேன் என்று யாராவது சண்டைக்கு வரலாம். துருப்பிடிக்காமல் பாதுகாக்கப் பெயின்ட் வேண்டும், மறுக்கவில்லை. அதைப் பாதுகாப்பு என்று சொல்லுங்கள், சீரமைப்பு என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

விழா நாள் வந்தது, என்ஜின் தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பக்க அறையில் எண்ணெய்ப் பஞ்சைக் கொளுத்திப் புகைபோக்கியில் புகை வர வைத்தார்கள். பின்னால் ஒரு டீசல் என்ஜின் மெதுவாகத் தள்ளியது. கூட்டம் கைதட்டியது. கேபினில் தொப்பியோடு நின்று கை அசைத்தது நான்தான். கீழே மேஸ்திரி பீடி பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஓட்டுநர் வேலைக்கு மரியாதை உண்டு என்று நினைத்து வருகிறீர்கள். நீடாமங்கலம் கேட்டில் ஒரு நாள் நின்று பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகும் சாலையில், ஊருக்கு நடுவே தண்டவாளம். நெல் ஏற்றிய சரக்கு வண்டியின் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினால் கேட் மூடித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் இருப்பவர்கள் திட்டுவது கேட் கீப்பரையும் என்ஜினில் இருக்கும் எங்களையும். என் சொந்த மாமனார் ஒருமுறை அந்த பஸ்ஸில் இருந்தார். வீட்டுக்கு வந்தும் திட்டினார். இத்தனைக்கும் அந்த வண்டியில் போவது எங்கள் ஊர் நெல். அந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் குறுவை நெல் எங்கே காயும்? இரண்டு இரவு தார்ப்பாய் போட்டு நான் காவல் காத்த மூட்டைகள் முளைவிட்டன. சரி, அது வேறு கதை.

விழா முடிந்து அதிகாரிகள் கலைந்த பிறகுதான் உண்மையான வேலை நடந்தது. எட்டு மாதம். ஓய்வு நாள்களில் போய் மேஸ்திரிக்குக் கையாளாக நின்றேன். பாய்லரைச் சுற்றிப் பொதிந்திருந்த கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) முதலில் முறைப்படி அகற்ற வேண்டியிருந்தது. தம்பி, பழைய என்ஜினில் வெள்ளைப் பஞ்சுபோல் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பிறகு ஸ்டே மாற்றினார்கள், தீயின் சூடான புகை பாய்லருக்குள் போகும் டியூப்களை மாற்றினார்கள். அடுத்து, காற்று துளியும் இல்லாமல் பாய்லர் நிறையத் தண்ணீர் அடைத்து, பம்பினால் வேலை அழுத்தத்துக்கு மேலே ஏற்றிச் சோதித்தார்கள். நீராவியில் சோதித்தால் என்ன என்று கேட்டேன். "தண்ணீர் அமுங்காது, ஆகவே ஓட்டை விழுந்தால் ஒழுகும். நீராவி என்றால் நாம் இருவரும் சேர்ந்து பறப்போம்" என்றார் மேஸ்திரி.

முதல் தீயை விடியலில் மூட்டினோம். விறகு, பிறகு கொஞ்சமாகக் கரி. அவசரப்பட்டால் தகடு ஓரிடத்தில் விரிந்து ஓரிடத்தில் விரியாமல் மூட்டு கசியும். அழுத்தம் போதுமான அளவு ஏற மாலை ஆகிவிட்டது. யாரும் சொல்லாமலே கேஜ் கிளாஸை மூன்று முறை ஊதிப் பார்த்தேன். மேஸ்திரி சிரித்துவிட்டார். யார்டுக்குள்ளேயே அரை பர்லாங் போய்த் திரும்பினோம். படம் எடுக்க ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவருக்குப் பசி வந்தது. பரோட்டா வாங்கி வரச் சொன்னார்.

கரிப் புகையைப் புகழ்கிறான் கிழவன் என்று எழுத வேண்டாம். எனக்கு டீசல்மேல் பகை இல்லை. கோடையில் தீ அறைக்கு முன் நின்றவன் எவனும் டீசலைப் பழிக்க மாட்டான். கேஜ் மாற்றத்தைக் குறை சொல்வதும் என் நோக்கம் அல்ல. 1860-களில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட பாதையே முதலில் அகலப் பாதைதான்; அதைக் குறுக்கி மீட்டர் கேஜ் ஆக்கி, நூறு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். யாரைக் குறை சொல்வது?

ஆகவே தம்பி, எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சீரமைப்பு வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டாம், திருச்சியில் பொன்மலைப் பணிமனை இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையைத்தான் 1920-களில் அங்கே கொண்டுபோனார்கள். நீலகிரி மலை ரயிலின் பற்சக்கர என்ஜின்கள் பழுதுபார்ப்புக்கு வருவது அங்கேதான். 2011-ல் அதே வகையில், கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் புதிய நீராவி என்ஜினையே அங்கு கட்டி மலைக்கு அனுப்பினார்கள். ஐடிஐ-யில் ஃபிட்டர் அல்லது வெல்டர் படித்து, பயிற்சியாளராக நுழையப் பாருங்கள். ஓய்வு பெற்ற பாய்லர் ஆட்கள் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் அவர்கள் திண்ணையில் போய் உட்காருங்கள். என் மேஸ்திரி இப்போது இல்லை.

ஓட்டுநர்தான் என்றால் உதவி லோகோ பைலட் தேர்வு எழுத வேண்டும். அதற்கும் வெறும் பன்னிரண்டாம் வகுப்பு போதாது. ஐடிஐ அல்லது டிப்ளமோ வேண்டும். எழுத்துத் தேர்வை விடப் பலரை வீழ்த்துவது மருத்துவத் தேர்வு. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 தெரிய வேண்டும், நிறம் பிரித்தறிய வேண்டும், லேசர் அறுவை செய்திருந்தால் எடுக்க மாட்டார்கள். நீங்கள் கண்ணாடி அணிபவரா என்று எழுதவே இல்லை. அதைச் சொன்னால் மேற்கொண்டு சொல்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் கைபேசியைத் தொட மாட்டேன், காலையில் பார்க்கிறேன்.