அம்மா ஏன் இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறார்?

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று வருடங்களுக்கு முன்பு வாங்கிய உயர் ரக ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நான்கு வயது மகளைப் படம் எடுத்தால் சில நேரம் கலங்கலாக வருகிறது. இந்த வருடத்து டாப் மாடலின் விலை என் ஒன்றரை மாதச் சம்பளம். 24 மாதத் தவணை, வட்டி கிடையாது என்கிறார்கள். என் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் நல்ல தொகை கழியும். வழக்கமாகப் பழையதை அம்மாவுக்குக் கொடுப்பேன். இந்த முறை அதற்குத் தேவையில்லை. முன்பு நான் கொடுத்த போனே அவரிடம் இருக்கிறது, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும் என்பது தவிர நன்றாகவே வேலை செய்கிறது. அவர் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதும் இல்லை, இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறார். போன் விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. இப்போதே டாப் மாடல் வாங்கிவிடுவது நல்லதா, நடுத்தர விலைப் போனே போதுமா? மனைவி இரண்டுமே வேண்டாம் என்கிறார். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் கேமராவைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை லென்ஸ், எத்தனை மடங்கு ஜூம், எந்த நிறம் என்று எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு மூன்று வரி. டாப் மாடல் வாங்கலாமா என்று கேட்டு மாதத்துக்கு நான்கு கடிதமாவது வருகிறது, அதற்குப் பதில் எனக்கு மனப்பாடம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மூன்று வரியைத்தான்.

"சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும் என்பது தவிர நன்றாகவே வேலை செய்கிறது." உங்கள் கையில் இருக்கும் போன் இப்படி ஆகியிருந்தால் எத்தனை நாள் பொறுத்திருப்பீர்கள்? அன்று சாயங்காலமே கடைக்கு ஓடியிருப்பீர்கள். அம்மாவிடம் இருக்கும்போது மட்டும் அது "நன்றாகவே" வேலை செய்கிறது!

நீங்கள் போன் செய்யும்போது அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மணி அடிக்கிறது. அம்மா எங்கிருந்தாலும் பிளக் இருக்கும் சுவருக்கு வர வேண்டும். சார்ஜர் ஒயர் பொதுவாக ஒரு மீட்டர்தான் வரும். பிளக் தோள் உயரத்தில் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து காதில் வைக்க ஒயர் எட்டாது. ஆக, சுவரோடு ஒட்டி நின்றபடி, ஒயர் கழன்றுவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ம், சொல்லுப்பா" என்கிறார். இரண்டு நிமிடம் ஆனதும் "சரி, வைக்கட்டுமா" என்கிறார். அம்மாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். பேச்சு குறையவில்லை தம்பி, கால் வலிக்கிறது.

நான் பார்க்கவில்லை, ஊகத்தில்தான் சொல்கிறேன். உங்கள் அம்மா வீட்டில் பிளக் தாழ்வாகவே இருக்கலாம், பக்கத்திலேயே கட்டிலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர் நின்று பேசுகிறாரா, உட்கார்ந்து பேசுகிறாரா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? எந்த போனில் ஜூம் எத்தனை மடங்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள்.

அந்த போனுக்கு என்ன வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது. போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதற்கு ஆயுள் கணக்கு உண்டு. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழு சார்ஜ் சுற்றுகள் (நூறு சதவீதச் சார்ஜ் தீர்ந்தால் ஒரு சுற்று) முடிந்தபோது முதல் நாள் கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15 முதல் அதை 1,000 சுற்று என்று உயர்த்தியது. நீங்கள் மூன்று வருடம் பயன்படுத்தி, அம்மா மூன்று வருடம் பயன்படுத்தி, அந்த பேட்டரி எப்போதோ அந்தக் கணக்கைத் தாண்டியிருக்கும். வயதான பேட்டரியில் உள்ளே மின்சார ஓட்டத்துக்கு இருக்கும் தடை கூடிவிடும். போன் கொஞ்சம் அதிகமாக மின்சாரம் கேட்டதும் மின்னழுத்தம் தடாலென்று விழுந்து போன் அணைந்துவிடும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைவதும் இதனால்தான். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்து, சூடும் ஏறினால் பேட்டரி இன்னும் வேகமாகக் கெடும். பின்பக்கம் லேசாக உப்பியிருக்கிறதா என்று இன்றைக்கே அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியிருந்தால் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு அதைப் பயன்படுத்துவதையே நிறுத்த வேண்டும். அழுத்திப் பார்க்கவும் கூடாது.

இதற்கு மருந்து பேட்டரி மாற்றுவது. டாப் மாடலின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு சின்னத் தொகை. நீங்கள் போடப்போகும் 24 தவணைகளில் ஒன்றிரண்டிலேயே முடிந்திருக்கும் வேலை. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது நினைவிருக்கும். பெரிய கூச்சல் எழுந்து, 2018 முழுக்க 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். புதிது வாங்க நினைத்திருந்த எத்தனையோ பேருக்கு அப்போதுதான் தெரிந்தது, போனுக்கு வயதாகவில்லை, உள்ளே இருக்கும் பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது என்று.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். விலை ஏறுவது உண்மைதான். 2007இல் முதல் ஐபோன் 499 டாலரில் தொடங்கியது. 2017இல் ஐபோன் X வந்தபோது 999. 2019இல் சாம்சங்கின் முதல் மடக்கு போன் கிட்டத்தட்ட 2,000 டாலர். திரை, சிப், பெரிய கேமரா சென்சார் என்று பாகங்களுக்கு ஆகும் செலவு நிஜமாகவே கூடியிருக்கிறது. இப்போது மெமரி சிப்பும் சேர்ந்துகொண்டது. போன் வேலை செய்யும்போது பயன்படுத்தும் டிராம் (DRAM) என்ற மெமரியில் உலகத்தின் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான (ஏஐ) டேட்டா சென்டர்கள் அதை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து அதன் விலை எகிறியிருக்கிறது. போன் செய்பவர்களுக்கும் அதே மெமரிதான் வேண்டும். ஆகவே விலை சீக்கிரம் இறங்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக, ஏறுகிற பொருளை முந்திக்கொண்டு வாங்க போன் என்ன தங்கமா? பெட்டியைப் பிரித்த நிமிடமே அதன் மதிப்பு இறங்கத் தொடங்கிவிடும்.

டாப் மாடலில் ஒன்றுமே இல்லை, எல்லாம் ஏமாற்று என்று பேசுகிற ஆளும் இல்லை நான். தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ், இருட்டில் எடுக்கும் வீடியோ, கனமான விளையாட்டுகளை மணிக்கணக்கில் ஓடவிட்டாலும் திணறாத சிப், இதெல்லாம் அதில்தான் நன்றாக இருக்கும். படம் எடுப்பது பிழைப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பேசுவது, செய்தி அனுப்புவது, பணம் செலுத்துவது, வழி பார்ப்பது என்ற அளவில்தான் பயன் என்றால் நடுத்தர விலைப் போனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாரத்துக்கு மேல் உங்களால் உணரவே முடியாது. முன்பு விலை கூடியதில் மட்டும் இருந்த பளிச்சென்ற ஓஎல்இடி திரையும், காட்சியை வழுக்கிக்கொண்டு நகரவைக்கும் 120 ஹெர்ட்ஸ் வேகமும் இப்போது நடுத்தர போன்களிலேயே சகஜம்.

டாப் மாடலுக்கு இருக்கும் வலுவான நியாயம் மென்பொருள் அப்டேட்தான். 2023இல் கூகுள் பிக்சல் 8க்கும், 2024இல் சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்கள். இது பெரிய விஷயம். ஆனால் யாருக்கு? ஏழு வருடம் வைத்திருப்பவருக்கு! நீங்கள் மூன்றாம் வருடமே கை மாற்றுகிறவர். மீதி நான்கு வருட அப்டேட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று அதே இடத்தில் கேட்டுப் பாருங்கள். செயலாக்கக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். வட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் "கழிகிற" தொகையும் அப்படித்தான். போனை மாற்றினால் மட்டுமே கிடைக்கிற அந்தத் தொகையை லாபக் கணக்கில் எழுதாதீர்கள்.

அப்புறம் மகளின் கலங்கல் படங்கள். நான்கு வயதுக் குழந்தை ஒரு இடத்தில் நிற்காது. சாயங்காலம் வீட்டுக்குள் விளக்கொளியில் எடுக்கும்போது வெளிச்சம் போதாமல் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் அவள் ஓடிவிடுகிறாள். அசைவுத் தடுப்பு என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். குழந்தையின் ஓட்டத்தை அது தடுக்காது. புதிய போனின் பெரிய சென்சார் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் முதலில் லென்ஸை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சிரிக்காதீர்கள். பாதிப் பேரின் போனில் விரல் பிசுக்குதான் கேமராவைக் கெடுக்கிறது, என் போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு பகலில் ஜன்னலோரம் அவளை விளையாடவிட்டு எடுத்துப் பாருங்கள். உங்கள் மூன்று வருட போனே போதும் என்று தெரியும். எடுத்த படங்களில் எத்தனையைப் பாட்டிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்கலாம்தான். சார்ஜரில் தொங்கும் போனில் அவர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்ததும் கேட்கத் தோன்றவில்லை.

நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. இந்த முறை புதிய போன் அம்மாவுக்கு. டாப் மாடல் வேண்டாம், அவருக்கு அது தேவையும் இல்லை. நடுத்தர விலையில், 5,000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரி, பெரிய எழுத்து வைக்கத் தோதான திரை, சத்தமான ஸ்பீக்கர், எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று எழுத்தில் சொல்லியிருக்கும் மாடல். அவருடைய பழைய போனுக்கு பேட்டரி மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். ஆறு வருடப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். வருவது நின்றிருந்தால், அவருடைய வங்கிக் கணக்கை அதில் வைத்திருப்பது கதவைத் தாழிடாமல் தூங்குவது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. அம்மா இதுவரை ஒரு போன் பெட்டியையாவது தன் கையால் பிரித்திருக்கிறாரா? நீங்கள் சலித்துப் போட்டதுதான் எப்போதும் அவருக்கு வந்திருக்கிறது. நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் புதியது முதலில் யாருக்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும். பெற்றவர்களுக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு "எதுவும் வீணாகவில்லை" என்று திருப்திப்படுகிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. சிக்கனம் என்றால் உங்கள் போனில் காட்டுங்கள். உங்களுடையதற்குப் புது பேட்டரி போடுங்கள், இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடும்.

மனைவி இரண்டும் வேண்டாம் என்றது சரியான யோசனை. அவரிடம் கேட்டே அம்மாவின் போனைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பார்சலில் அனுப்பிவிடாதீர்கள், மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தொடர்பு எண்களை மாற்றி, வீடியோ அழைப்பை எடுப்பது எப்படி என்று அவர் கையாலேயே நான்கைந்து தடவை செய்ய வையுங்கள். "நான் செய்கிறேன், கொடுங்கம்மா" என்று பிடுங்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். எத்தனை நிமிடம் பேசினார் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு மேலும் டாப் மாடல் ஆசை இருந்தால் அதே கடிதத்தில் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.