ஸ்பெயினில் காமிக்ஸை ஏன் 'தெபேயோ' என்கிறார்கள்?

நாம் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோமே, அதே கதைதான். 1917 மார்ச்சில் பார்சிலோனாவில் 'தே-பே-ஓ' (TBO) என்று மூன்றே எழுத்தைப் பெயராக வைத்து ஒரு சிறுவர் பத்திரிகை வந்தது. ஸ்பானிஷில் 'பே'வுக்கும் (B) 'வே'வுக்கும் (V) உச்சரிப்பு ஒன்றுதான். அதனால் பெயரைச் சேர்த்துச் சொன்னால் 'தே வேஓ' என்று காதில் விழும். 'உன்னைப் பார்க்கிறேன்' என்று பொருள். சிலேடை ஒட்டிக்கொண்டது. பிறகு யார் போட்ட காமிக்ஸாக இருந்தாலும் தெபேயோதான். அகராதியிலேயே ஏறிவிட்டது.

தொடங்கியவர் அர்துரோ சுவாரெஸ். ஆனால் அதை வளர்த்தவர் ஹோவாகின் புய்காஸ். துறைமுகத்தில் நிற்கும் கொலம்பஸ் தூணை வடிவமைத்தவர் இவருடைய அப்பா. மொன்ஜூயிக் மலையடியில் வண்ணமாய்ப் பீய்ச்சும் நீரூற்று இவர் சகோதரர் கார்லஸின் கைவண்ணம். ஊருக்கு வருகிறவர்கள் அந்த இரண்டையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். இவர் செய்ததைப் பார்க்கப் பழைய புத்தகக் கடைக்குத்தான் போக வேண்டும்.

நானும் அப்படிப் போனவன்தான். பார்சிலோனாவின் சான் அந்தோனி பகுதியில் ஞாயிறுதோறும் பழைய புத்தகச் சந்தை கூடும். அங்கே வாங்கிய இரண்டு இதழ்களில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. ஏமாந்துவிட்டேன் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரப் பெரியவர் சிரித்தார். உள்நாட்டுப் போரில் 1938-ல் பத்திரிகை நின்றதாம். போருக்குப் பிறகு சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி அதற்குப் பருவ இதழ் என்ற அனுமதியைத் தரவில்லை. அதனால் ஒவ்வொரு இதழையும் தனிப் புத்தகம் என்று கணக்குக் காட்டி, எண் போடாமல் விற்றிருக்கிறார்கள். அனுமதி கிடைத்தது 1952-ல்தான்.

அந்தக் காலத்தில் பிறந்ததுதான் 'உலிசெஸ் குடும்பம்'. கதை புய்காஸ், படம் பெனெஹாம். சாகசமெல்லாம் கிடையாது, நடுத்தரக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாகக் கிளம்பும், அடிபட்டு வீடு திரும்பும், அவ்வளவுதான். பாட்டி தோன்யா ஃபிலோமெனா பேசும் ஸ்பானிஷில் பார்சிலோனாப் பகுதியின் மொழியான கட்டலன் கலந்திருக்கும். கட்டலனைப் பொது இடங்களிலிருந்து விரட்டிய நாட்களில் ஒரு சிறுவர் பத்திரிகை அதைச் செய்தது எனக்கு வியப்புதான். கோபன்ஹேகன் பேராசிரியர் ஃபிரான்ஸ் என்ற கற்பனைப் பாத்திரத்தின் கோணங்கி இயந்திரங்கள் இன்னொரு பக்கம். இப்போதும் கயிறும் கம்பியுமாக எதையாவது கட்டி ஓட்டினால் 'தே-பே-ஓ கண்டுபிடிப்பு' என்று கிண்டலடிப்பார்கள்.

பழைய பத்திரிகை 1983-ல் நின்றது. வேறு பதிப்பகங்கள் கைமாற்றி 1998 வரை இழுத்துக்கொண்டு போயின. அந்தப் பிற்பகுதி என்னை ஈர்க்கவில்லை.

அதில் வரைந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் கோல். ஒரு வார்த்தைகூட இல்லாமல், நெடுநெடுவென்ற ஒல்லி மனிதர்களை வைத்தே சிரிக்கவைப்பார். 1960-களில் அவர் பத்திரிகையை விட்டுவிட்டு முழுநேரக் கொத்தனாராகப் போய்விட்டார். படம் போடுவதைவிட அதில் கூலி அதிகம் கிடைத்ததாம். 1980-களில் இளம் ஓவியர்கள் அவரைத் தேடிப்போய் மறுபடி வரையச் சொன்னார்கள். அந்த இரண்டு இதழ்களில் ஒன்றில் அவருடைய பக்கம் இருந்தது. சட்டம் போட்டு மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.